முற்றத்துப் பாடம்: டி. கே. சி.யின் பொதுவாழ்வும் கம்பன் பதிப்பும்

ஆசிரியர் பணியை விட்டு அரசியல் மேடை ஏறினோர் வரலாறு தமிழ்நாட்டில் பெருக உண்டு. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக இருந்த க. அன்பழகனார் 1957இல் சட்டமன்றம் புகுந்தார். அதன்பின் அறுபதாண்டுக்கு மேல் அரசியலிலேயே வாழ்ந்தும், 2020இல் மறையும்வரை 'பேராசிரியர்' என்னும் பெயரே அவர்க்கு நிலைத்தது. செய்யாற்றுப் புலவர் கா. கோவிந்தனார் தமிழாசிரியராக இருந்து, சங்கப் புலவர்களைப் பற்றி ஒரு நூல்வரிசையே எழுதி, பின்னர்ச் சட்டப்பேரவைத் தலைவர் இருக்கையில் அமர்ந்தார். மதுரை யாதவர் கல்லூரியில் பணியாற்றிய மு. தமிழ்க்குடிமகனார் 1989இல் அதே இருக்கைக்கு வந்தார். இத்தகையோர் வாழ்வை எழுதுவார்க்கு வழி நேரானது. முதலில் வகுப்பறை, பின்னர் மேடை. வகுப்பறையில் பழகிய நா மேடையில் எவ்வாறு பயன்பட்டது என்று காட்டிவிட்டால் பெரும்பகுதி முடிந்தது.

தென்காசி, குற்றாலம் என்னும் இரண்டு ஊர்களோடும் பிரிக்கவொண்ணாதபடி பெயர் பிணைந்துவிட்ட இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) வாழ்வு இதற்கு நேர்மாறான திசையிற் சென்றது. அவர் முதலில் வழக்கறிஞர். பின்னர்ச் சட்டசபை உறுப்பினர். அதன்பின் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையர். இப்பதவிகளையெல்லாம் கடந்து, எக்கல்லூரியின் ஊதியப் பட்டியலிலும் பெயர் இடம்பெறாத ஓர் ஆசிரியராக அவர் முடிந்தார். நாவலர் சோமசுந்தர பாரதியாரும் வழக்கறிஞராகவும் பொதுவாழ்வினராகவும் இருந்து ஆசிரியரானவரே. ஆயினும் அவர்க்கு 1933இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு பேராசிரியர் இருக்கையை அளித்தது. டி. கே. சி.க்குக் கிடைத்தது வீட்டு முற்றம் ஒன்றே.

டி. கே. சி.யைப் பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றை இருவகையுள் அடக்கலாம். ஒருவகை அவருடைய நண்பர் எழுதிய போற்றியுரை. அதில் அருவியும் விருந்தும் சிரிப்பும் மிகுதி, நூல் குறைவு. மற்றொருவகை புலவர் எழுதிய கண்டனம். அதில் கம்பன் பாடல்களைக் கைபோனபடி திருத்தினார், விருப்பம்போல் ஒதுக்கினார் என்னும் குற்றச்சாட்டே மீண்டும் மீண்டும் வரும். இவ்விரு திறத்தாரும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர். டி. கே. சி.யின் கம்பன் பணியை அவருடைய தனிப்பட்ட சுவையின் விளைவாகவே இரு சாராரும் கொள்கின்றனர். சுவை உயர்ந்தது என்பார் ஒரு சாரார். வரம்பு கடந்தது என்பார் மற்றொரு சாரார். நம் கருத்து வேறு. அவருடைய பதிப்புமுறையை விளக்குதற்குச் சுவை மட்டும் போதாது. அவர் எங்கெங்கே அமர்ந்திருந்தார், எவர் முன் பேசினார், எவர் அவரை மறுக்கக் கூடிய இடத்தில் இருந்தனர் என்பவற்றையும் காண வேண்டும். பொதுவாழ்வை ஒருபுறமும் இலக்கியப் பணியை மறுபுறமும் வைத்து எழுதும் வழக்கத்தால் இஃது இதுவரை மறைந்து கிடந்தது.

வாழ்க்கைக் குறிப்புகளை நீட்ட வேண்டுவதில்லை. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், குடும்பத்தின் ஊர் தென்காசி. திருச்சியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கல்வி. பின்னர்ச் சட்டப் படிப்பு. திருநெல்வேலியில் வழக்கறிஞர் பதிவு. வண்ணார்பேட்டையில் இருந்த அவர் இல்லத்து முற்றத்தில் 1924 அளவில் நண்பர் சிலர் கூடிக் கவிதை பேசத் தொடங்கினர். அம்முற்றத்தின் அமைப்பே கூட்டத்திற்கும் பெயராயிற்று. 'வட்டத்தொட்டி' என்று இலக்கிய வரலாற்றில் அஃது இடம்பெற்றது. பதிவாளரும் தலைவரும் சந்தாவும் இல்லாத ஒரு கழகம் அது.

1927இல் அவர் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பிற்காலத்தார் சிலர் இதனை 'மேலவை உறுப்பினர் பதவி' என எழுதுகின்றனர். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னை அவை ஓரவையே; கீழவை, மேலவை என்னும் பாகுபாடு 1937இல்தான் நடைமுறைக்கு வந்தது. சிறு பிழைதான், எனினும் பல நூல்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதால் நிலைத்துவிட்டது. இரட்டையாட்சிக் காலத்து அவ்வவையில் நிதியும் காவலும் ஆளுநரின் கையில் இருந்தன. கல்வி, தலப்பதவி, அறநிலையம் போன்றவை மட்டுமே மக்கள் சார்பான அமைச்சரிடம் விடப்பட்டிருந்தன. ஆதலின் அவ்வவையிற் பேசுவார்க்குச் சொல்வன்மை ஒன்றே படைக்கலம். சொல்லால் அவையை வசமாக்குதல் வேண்டும். வசமாக்கிய பின்னும் அதன் முடிவு செயலாகும் என்பது உறுதியில்லை. பண்பாட்டுத் துறையில் உழைக்க எண்ணிய ஒருவர்க்கு அது நல்ல பயிற்சிக் களமும் ஆகும், சலிப்பூட்டும் களமும் ஆகும்.

1930 முதல் 1935 வரை அவர் வகித்த ஆணையர் பதவியை நாம் இதனினும் முக்கியமாகக் கருதுகிறோம். சென்னை இந்து அறநிலைய வாரியம் 1920களின் நடுவில் சட்டத்தால் அமைந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஓர் அரசுத் துறையாக மாற்றும்வரை நடந்தது. கோயில் வரவுசெலவைத் தணிக்கை செய்வித்தல், தருமகர்த்தர்மேல் வரும் முறையீட்டை விசாரித்தல், சீர்குலைந்த கோயிலுக்கு நிர்வாகத் திட்டம் வகுத்தல் ஆகியன அதன் வேலைகள். இவ்வேலையின் உயிர்நிலை ஆவணம். ஒருவர் தமக்கு ஒரு கோயிலில் உரிமை உண்டென்றால் பட்டயம் எங்கே, கல்வெட்டு எங்கே, கணக்கேடு எங்கே, நெடுநாள் அனுபோகத்திற்குச் சான்று எங்கே என்று கேட்பதே ஆணையர் கடமை. மனத்துக்கு நியாயமாகப் படுவது வேறு, ஏட்டால் நிறுவப்படுவது வேறு என்பதை நாள்தோறும் காணும் இருக்கை அது.

தென்காசிக்காரர் ஒருவர்க்கு இவ்வேற்றுமை கண்முன்னே நின்ற ஒன்று. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுத்த விசுவநாதர் கோயிலின் கோபுரம், டி. கே. சி. வாழ்ந்த காலம் முழுவதும் சிதைந்தே நின்றது. பின்வருவோர் இக்கோயிலைப் பேணுமாறு வேண்டி, பேணுவோரை வணங்குவதாகவும் அம்மன்னன் செய்யுளாகவே கல்லில் வெட்டுவித்தான். இன்று காணும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. கோபுரத்தைப் புதுக்கியோர் புதுக்கிய ஆண்டை மறைக்கவில்லை. பாண்டியன் கட்டிய கல்லும் இக்காலத்துச் சுதையும் எவை எவை என்பதை ஊரார் அறிவர். சிதைந்ததைச் செப்பம் செய்வார்க்கு உரிய ஒழுங்கு இதுவே. கம்பன் பாடல்களைச் செப்பம் செய்யப் புகுந்தபோது டி. கே. சி. இவ்வொழுங்கைக் கைக்கொண்டாரா என்பதே நாம் எழுப்பும் வினா.

பதவிக்காலம் முடிந்தபின் அவர் படிப்படியாகத் தெற்கே திரும்பினார். 1940களில் தென்காசியும் குற்றாலமும் அவர் இருப்பிடமாயின. ஐந்தருவிச் சாலையும் சாரற் காலமும் அவ்வீட்டு விருந்தும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அவற்றுட் புகவில்லை. அங்கு வந்து கூடியோர் யாவர் என்பதே நமக்கு வேண்டுவது. இராஜாஜி, கல்கி கிருஷ்ணமூர்த்தி, நீதித்துறையைச் சார்ந்த எஸ். மகராஜன், ஆட்சித்துறையைச் சார்ந்த தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன், அறிவியல் எழுத்தாளர் பெ. நா. அப்புஸ்வாமி என்று அப்பட்டியல் நீளும். நாட்டை ஆண்டவரும் வழக்குத் தீர்த்தவரும் இதழ் நடத்தியவரும் இதில் உளர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்துப் பழகியவர் அரியர். கூடியோர் மேல் குறை கூறுதல் நம் நோக்கமன்று, அவர்கள் கற்றோரே. ஆயினும் அவை, தன்னை மறுப்பாரை வழக்கமாகப் பெறாத அவையாக இருந்தது.

இங்கே ஒருவரை நினைவுகூர்தல் தகும். எஸ். வையாபுரிப் பிள்ளை (1891-1956) நெல்லை நாட்டினர், அவரும் சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்காடியவர், டி. கே. சி.யின் நண்பர். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்று 1926இல் அவர் சென்னைக்குச் சென்றார். ஒரே தொழிலிலிருந்து, ஒரே ஊரிலிருந்து இலக்கியத்துக்கு வந்த இவ்விருவரும் அதன்பின் நேரெதிர் வழிகளிற் சென்றனர். ஒருவர் சுவடியை நம்பினார். மற்றவர் செவியை நம்பினார். ஒருவர் பத்துச் சுவடி பார்த்தும் ஐயம் தீரவில்லை என்று எழுதுவார். மற்றவர் ஒருமுறை பாடிக் கேட்டதும் தெளிந்துவிடுவார். வழக்குமன்றத்தில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் தனித்தனி வழக்கறிஞர் உண்டு. முற்றத்து வழக்கில் எதிர்வாதம் செய்யத்தக்கவர் 1926இலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கூறின் அது மிகையாகாது.

இனி, டி. கே. சி. எதனைச் செய்தார், எதனைச் செய்யவில்லை என்று பிரித்துக் காண்போம். இதற்கு நம் மொழியே ஒரு வழி காட்டுகிறது. 'பாடம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தாங்கி நிற்கிறது. ஆசிரியன் மாணாக்கனுக்குச் சொல்வது பாடம். ஒரு செய்யுளில் சுவடி தரும் சொல்வடிவமும் பாடம். முன்னது கேட்பவன் நிலைக்கு ஏற்ப மாறலாம், மாறவும் வேண்டும். பின்னது ஆசிரியன் விருப்பத்திற்கு மாறாது. மாற்றினால் மாற்றியவன் சான்று காட்டக் கடவன். டி. கே. சி.யின் பெருமை முழுவதும் முதற்பொருளில் நின்றது. அவர்மேல் வந்த பழி முழுவதும், முதற்பொருளுக்குரிய உரிமையை இரண்டாம் பொருளிலும் எடுத்துக்கொண்டதனால் வந்தது.

முதற்பொருளில் அவர் செய்தது பெரிது. அக்காலத்துக் கல்லூரிகளில் கம்பன் செய்யுள் என்பது பதவுரைக்கும் இலக்கணக் குறிப்புக்கும் அணி பெயர் கூறுதற்கும் உரிய ஒரு பொருளாக இருந்தது. செய்யுள் செவியிற் பட்டு உள்ளத்தைத் தொடுவதற்கு முன்னே உரை வந்து குறுக்கே நின்றுவிடும். டி. கே. சி. இதனைத் தலைகீழாக்கினார். சந்தியைப் பிரித்தார், அடியைப் பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்தினார், ஒரே தொடரை இருமுறை மும்முறை சொல்லி அதன் ஓசையைக் கேட்பவர் உணருமாறு செய்தார், உணர்ச்சியும் உருவமும் ஒன்றியதே கவி என்று வற்புறுத்தினார். தமிழ் படியாதார்க்கும், தமிழை மறந்து ஆங்கிலத்தில் மூழ்கிய அலுவலர்க்கும், கம்பன் தங்கட்கும் உரியவன் என்னும் எண்ணம் இதனால் பிறந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளைப் பெருந்தொகையாகக் கொண்டுவந்தபோது புலவருலகம் அதனை ஏற்றுக்கொண்டமைக்கு, டி. கே. சி. முன்னரே பழக்கிவைத்த செவிகளும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

இதனை ஒரு பொதுப்பணி என்றே கொள்ள வேண்டும். கல்வி தாய்மொழியில் நடைபெற வேண்டும் என்று அவர் இடைவிடாது வாதிட்டதும், 1940களில் அண்ணாமலை அரசர் ஆதரவில் எழுந்த தமிழிசை இயக்கத்தில் கல்கியோடும் இராஜாஜியோடும் நின்றதும், காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழாவிற்குத் துணைநின்றதும், இப்பணியின் பல முகங்களே. சட்டசபையில் ஓர் உறுப்பினர் எழுப்பும் குரல் குறிப்பேட்டுக்குள் அடங்கிவிடும். முற்றத்தில் எழுந்த குரல் அதனினும் நெடுந்தொலைவு சென்றது. அவருடைய மூன்றாண்டுச் சட்டசபை வாழ்வைப் பற்றி இலக்கிய மாணாக்கர் எவரும் வினவுவதில்லை. நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளில் ஏறத்தாழ 36 ஆண்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைத் தமிழகம் அறியச்செய்தவருள் டி. கே. சி. முதன்மையானவர் என்பதையோ அனைவரும் அறிவர். உண்மையான ஆசிரியர் ஒருவரை, ஆசிரியரல்லாத ஆசிரியர் உலகுக்கு அறிமுகம் செய்தார்! மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பண்டிதர் பாடநூல் வரிசையிலிருந்து மீட்டு, சாரலில் நனைந்தபடி பாடத்தக்க பாட்டாகக் காட்டியதும் அவர்தம் பணிகளுள் ஒன்று. இடைசெவலிலிருந்து வந்த இளைஞர் இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், அவரிடம் பெற்ற ஊக்கத்தை நெடுங்காலம் போற்றினர். அவருள் ராஜநாராயணன், முறையான பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர், பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக அமர்ந்தார் என்பது நம்மைப் போன்ற பட்டம் பெற்ற ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்கது.

இவ்வளவும் ஒருபுறம். 'கம்பர் தரும் ராமாயணம்' என்னும் தலைப்பில் அவர் வெளியிட்ட தொகுதிகளைக் கையிலெடுக்கும்போது நிலை மாறிவிடுகிறது. இங்கே பேசுபவர் முற்றத்து ஆசிரியர் அல்லர், நூற்பதிப்பாளர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கம்பன் பெயரால் வழங்குகின்றன. அவற்றுள் மிகச் சிறியதொரு பகுதியையே கம்பன் வாக்கு என்று டி. கே. சி. கொண்டார், எஞ்சியவை பிறர் கைவரிசை என ஒதுக்கினார். கொண்ட பாடல்களிலும் தம் செவிக்கு ஒவ்வாத சொற்களை மாற்றி அமைத்தார்.

அவருடைய ஐயமே தவறு என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. கம்பராமாயணத்தில் இடைச்செருகல் உண்டென்பது பழைய பதிப்பாளரும் உரைகாரரும் அறிந்த செய்தியே. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பார் பாடிச் சேர்த்தவை என்று 'வெள்ளிபாடல்'களை மரபே குறித்து வைத்திருக்கிறது. உத்தர காண்டம் கம்பன் பாடியதன்று, ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குவது என்பதையும் யாரும் மறைக்கவில்லை. சுவடிக்குச் சுவடி பாடல் தொகை கூடியும் குறைந்தும் வருதலைப் பதிப்பாளர் குறித்துள்ளனர். நூற்றாண்டுக் கணக்கில் அரங்கில் பாடிப் பொருள்கூறி வழங்கிவந்த ஒரு காவியத்தில் பாடுவோர் கை புகாதிருத்தல் அரிது. ஆகவே, கம்பன் பெயரால் வருவன எல்லாம் கம்பனுடையன அல்ல என்று டி. கே. சி. கூறியபோது, பண்டிதர் நடுங்கத்தக்க புதுமை எதனையும் அவர் கூறிவிடவில்லை. பண்டிதர் தயங்கித் தயங்கிச் சொன்னதை அவர் உரத்துச் சொன்னார்.

குறை ஐயத்தில் இல்லை. ஐயத்தைத் தீர்த்த முறையில் உள்ளது. ஒரு பாடலை ஒதுக்குவார் இன்ன சுவடியில் இல்லை, இன்ன யாப்பமைதி கம்பன் வழக்கிற்கு மாறு, இச்சொல் பிற்காலத்தது, முன்பின் கதைப்போக்கோடு முரண்படுகிறது என்று ஏதேனும் ஒரு காரணம் காட்டல் வேண்டும். டி. கே. சி. காட்டும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: இது கவியாக இல்லை, ஆதலின் கம்பனுடையது அன்று. இதனுள் மறைந்துகிடக்கும் கோட்பாடு, கம்பன் எந்நிலையிலும் தாழ்ந்த பாட்டுப் பாடான் என்பது. பத்தாயிரம் பாடல் பாடும் புலவன் எவனும் ஓரிடத்தும் அயர்வதில்லை என்பதை நிறுவ முடியாது. கதையைக் கடத்துதற்கென்றே பாடப்படும் இணைப்புப் பாடல்கள் எப்பெருங்காப்பியத்திலும் உண்டு. அவற்றை நீக்கினால் எஞ்சுவன பூத்தொடுத்த நாரைக் களைந்த பூக்கள். அழகில் குறைவில்லை, மாலை மட்டும் இல்லை.

ஈண்டே அவர் பொதுவாழ்வு நமக்குத் துணைசெய்கிறது. ஐந்தாண்டு ஆவணம் கேட்டு முடிவுசெய்யும் இருக்கையில் இருந்தவர், கம்பன் வழக்கில் ஆவணமே கேளாதது ஏன்? ஆணையர் இருக்கையின் ஒழுங்கை அவர் இலக்கியத்துக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது அவையின் ஒழுங்கை. அவையில் ஒரு கருத்து வெல்வது பேசுவோன் ஆற்றலாலும் கேட்போர் இசைவாலும். முற்றத்தில் ஒரு பாடல் பாடப்படுகிறது; திருத்திய சொல்லோடு மீண்டும் பாடப்படுகிறது; கேட்டோர் முகம் மலர்கிறது; தலை அசைகிறது. அத்தலையசைப்பே வாக்கெடுப்பு, அதுவே தீர்ப்பு. ஒரு சொல் நன்றாக இருக்கிறது என்பதற்கு அவ்வாக்கெடுப்பு நல்ல சான்று. அச்சொல்லைக் கம்பன் சொன்னான் என்பதற்கு அது சான்றே ஆகாது. இவ்விரண்டினுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவையில் எழுந்து கூறுதற்கு ஒருவர் இருந்திருந்தால், டி. கே. சி. போன்ற நுண்ணறிவினர் அதனை எளிதில் மறுத்திருக்க மாட்டார். அவர் ஏற்றிருக்கவும் கூடும்.

டி. கே. சி.யின் சார்பில் வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்று உண்டு. அவர் செய்தது பதிப்பு அன்று, தெரிவு. பூங்கா ஒன்றில் மலர் கொய்பவன் செடியை அழிப்பதில்லை என்பர். தெரிவு என்று அவரே பெயரிட்டிருந்தால் இவ்விடை முற்றும் பொருந்தும். தெரிவு செய்தற்கு ஆசிரியர் அனைவர்க்கும் உரிமை உண்டு. நம் பாடத்திட்டக் குழுக்கள் ஆண்டுதோறும் செய்வதும் அதுவே. அக்குழுக்களின் தெரிவைக் காட்டிலும் டி. கே. சி.யின் தெரிவு எத்துணையோ மேலானது. ஆயின் அவர் நூலுக்கு இட்ட பெயர் கம்பர் 'தரும்' ராமாயணம். கொய்தவர் தந்தது என்று சொல்லாமல் கம்பரே தந்தது என்று அப்பெயர் சொல்லுகிறது. ஒதுக்கியவை எவை, எக்காரணத்தால் ஒதுக்கப்பட்டன, மாற்றிய சொல்லுக்கு முன்னிருந்த சொல் யாது என்று காட்டும் அடிக்குறிப்பு முறையும் அதில் இல்லை. படிப்பவன் கம்பனை எங்கே கேட்கிறான், டி. கே. சி.யை எங்கே கேட்கிறான் என்று பிரித்தறிய வழியில்லாது போகிறது. தென்காசிக் கோபுரத்துக்கு உள்ள ஆண்டுக்குறிப்பு இதற்கு இல்லை.

மாறுபட்டோர் கைக்கொண்ட முறையும் குறையற்றதன்று. புலவர் பலர் அவரை மறுத்தது, அவர் ஆங்கிலம் படித்த வழக்கறிஞர், முறையாகத் தமிழ் கல்லாதவர் என்னும் அடிப்படையில். மறுப்பு இவ்வாறு ஆளை நோக்கிச் சென்றதால், பாடல் பாடலாக எடுத்து ஆராயும் வேலை பின்தங்கியது. அதனால் இழப்பு இருபுறமும் நேர்ந்தது. டி. கே. சி.யின் செவி உண்மையிலேயே பிழையைக் கண்டுபிடித்த இடங்கள் சில இருக்கும். சுவடிச் சான்று பின்னர் அவர் கருத்துக்குத் துணைநிற்கும் இடங்களும், முற்றிலும் மறுக்கும் இடங்களும் இருத்தல் கூடும். பல சுவடிகளை ஒப்புநோக்கி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பராமாயணத் தொகுதிகள் இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் கருவியாகும். டி. கே. சி. மாற்றிய சொல் ஒவ்வொன்றையும் அத்தொகுதிகள் தரும் பாடவேறுபாடுகளோடு நேர்வைத்துப் பார்த்தல் வேண்டும். எத்தனை மாற்றத்திற்கு ஏதேனும் ஒரு சுவடியின் ஆதரவு உண்டு, எத்தனை மாற்றம் தனிநின்றது என்று கணக்கிட்டபின்னரே அவர் செவியை அளத்தல் இயலும். வையாபுரிப் பிள்ளையின் 'கம்பன் காவிய'த்தை அருகில் வைத்துக்கொள்வது நன்று. நெல்லை வழக்கறிஞர் இருவரும் ஒரே காவியத்தை எவ்வாறு அணுகினர் என்பது அதனால் விளங்கும்.

முதுகலை வகுப்பில் கம்பன் பாடம் நடத்துவார்க்கு இதில் உடனடியான தேவை ஒன்று இருக்கிறது. டி. கே. சி. வழியில் பாடிக் காட்டினால் மாணாக்கர் விழித்தெழுகின்றனர். பாடவேறுபாட்டைக் கூறத் தொடங்கினால் அவர் முகம் வாடுகிறது. ஆதலின் ஆசிரியர் பலர் முன்னதோடு நின்றுவிடுகின்றனர். அவ்வாறு நின்ற வகுப்பிலிருந்து வெளிவருவோர், இன்ன சொல் கம்பன் சொல் என்று தேர்வுத்தாளில் எழுதுவது சிலவேளை குற்றாலத்தில் பிறந்த சொல்லாக இருந்துவிடுகிறது. நாம் வகுப்பில் இரண்டு நூலையும் மேசைமேல் வைக்கிறோம். முதலில் டி. கே. சி.யின் தொகுதியிலிருந்து பாடலைப் பாடுகிறோம். பின்னர் முழுப்பதிப்பை விரித்து அதே பாடலையும், அதன் முன்னும் பின்னும் அவர் விட்டுச்சென்ற பாடல்களையும் படிக்கச் செய்கிறோம். விட்டதற்குக் காரணம் யாதாக இருக்கலாம் என்று மாணாக்கரே வாதிட வேண்டும், ஒருவர் டி. கே. சி. பக்கம், ஒருவர் சுவடியின் பக்கம். சிலநாள் டி. கே. சி. வெல்கிறார்.